கல் விழும் இடம்

துலா என்னும் சொல் தமிழில் மூன்று இடங்களில் வாழ்கிறது. கடைத்தெருவில் அது நிறைகோல். கிணற்றடியில் அது நீர் இறைக்கும் ஏற்றமரம்; யாழ்ப்பாணத்தார் இன்றும் துலாக்கிணறு என்றும், துலா மிதித்தல் என்றும் கூறுவர். மூன்றாவது இடம் கோட்டை மதில். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலின் மேலிருந்த பொறிகளை வரிசைப்படுத்திக் கூறுகிறது. அவற்றுள் ஐயவித்துலாம் என்பதும் ஒன்று. அஃது எவ்வாறு இயங்கியது என்பதில் உரைகாரர் ஒருமித்த கருத்தினர் அல்லர். ஆயினும் அதன் பெயரில் துலாம் அமர்ந்திருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த சொல் என்பர் மொழிநூலார், இருக்கட்டும். நிறுப்பதற்கும் இறைப்பதற்கும் பகைவரைத் தடுப்பதற்கும் ஒரே சொல்லை வழங்கிய நம் முன்னோர், ஒரு நீண்ட மரத்தை நடுவே தாங்கி இருபுறமும் ஏறி இறங்கவிட்டால் என்னென்ன செய்யலாம் என்பதை அறிந்திருந்தனர் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

கவண் என்னும் சொல்லுக்கும் இத்தகைய இரட்டை வாழ்க்கை உண்டு. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் பரணின்மேல் நிற்கும் பெண்ணின் கையில் உள்ள கவண், கிளியை ஓட்டும் கருவி. அந்தக் கல் கிளியின்மேல் படவேண்டும் என்று அவள் எண்ணுவதில்லை. ஓசை கேட்டுக் கிளி பறந்தால் போதும். அதே கவண் மதுரை மதிலின்மேல் ஏறும்போது கல்லை உமிழும் பொறியாகிவிடுகிறது. அங்கே ஓசை போதாது.

துலாவின் ஒரு முனையில் பாரத்தையும் மறுமுனையில் கவணையும் கட்டினால் கிடைப்பதையே மேனாட்டார் ‘ட்ரெபுஷே’ என்கின்றனர். நாம் அதைத் துலாக்கவண் என்று அழைக்கலாம். இக்கட்டுரை அப்பொறியைப் பற்றியது. அதைவிட, அதைச் செய்பவனைப் பற்றியது.

அதன் வரலாறு நீண்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். மனிதர் பலர் கூடிக் கயிறுகளை இழுத்துக் கல்லெறியும் பொறி கிறித்து பிறப்பதற்கு முன்பே சீனத்தில் தோன்றி மேற்கே பரவியது. கி.பி. 712 அளவில் சிந்து நாட்டுத் தேபல் துறைமுகத்தை முற்றுகையிட்ட அராபியப் படையிடம் ‘மணமகள்’ என்று பெயரிடப்பட்ட ஒரு பொறி இருந்ததாகவும், அதனை இயக்க ஐந்நூறு பேர் வேண்டியிருந்ததாகவும் சச்சநாமா என்னும் நூல் கூறுகிறது. பின்னர், ஆட்களின் இழுவைக்கு மாறாகப் பெரும்பாரம் ஒன்றைத் தொங்கவிடும் முறை வந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சலாதீனுக்காக அல்-தர்சூசி எழுதிய படைக்கருவி நூலில் அது விளக்கப்பட்டுள்ளது. 1273இல் சீனத்துச் சியாங்யாங் நகரம் குப்ளாய்கானின் படையிடம் வீழ்ந்தது, மேற்கிலிருந்து வந்த பொறியாளர் இருவர் செய்த துலாக்கவண்களால். 1310இல் மாலிக் கபூர் வாரங்கல்லை முற்றுகையிட்டபோது மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் கல்லெறி பொறிகள் இயங்கின என்று அமீர் குஸ்ரு எழுதியுள்ளார். அடுத்த ஆண்டு அதே படைத்தலைவன், சிலம்பு பாடிய மதில்களின் நகரமாகிய மதுரைக்கே வந்து சேர்ந்தான். அதன்பின் பீரங்கி வந்தது, துலாக்கவண் ஓய்ந்தது.

ஓய்ந்த பொறி இப்போது விளையாட்டுப் பொருளாக மீண்டிருக்கிறது. மேனாடுகளில் மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் இதனைச் சிறிய அளவில் செய்து மகிழ்கின்றனர். கடலுக்கு அப்பால் நடப்பது எவ்வாறு நமக்குப் பொருட்டாகும் என்று கேட்கலாம். எங்கள் லிங்கராஜபுரத்தில், மேம்பாலத்திற்குச் சற்றுத் தொலைவில், ஒரு தச்சுக்கூடத்தின் மேல்மாடியிலும் ஒன்று உருவாயிற்று, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தச்சுக்கூடத்துப் பெரியவர் வட ஆர்க்காட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய மூன்றாம் தலைமுறையினர். கதவும் நிலையும் கட்டிலும் செய்து காலம் கழித்தவர். அவருடைய பேத்தி பொறியியல் கற்பவள். கல்லூரிக் கண்காட்சிக்காக அவள் ஒரு துலாக்கவண் செய்ய விரும்பினாள். பையில் வைத்து எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்கவேண்டும் என்றாள். கணக்கு அவளுடையது, கை தாத்தாவினுடையது.

கணக்கு எளியது, ஆனால் அழகானது. துலாமரம் முப்பது அங்குலம். அதனை நடுவில் தாங்கக்கூடாது. ஒரு முனையிலிருந்து ஆறு அங்குலத்தில் அச்சு. எனவே நீண்ட கை இருபத்துநான்கு, குறுங்கை ஆறு, நான்குக்கு ஒன்று. குறுங்கையில் மூன்று கிலோ பாரம் தொங்கும். நீண்ட கையின் நுனியில் ஏறத்தாழ அதன் நீளமே கொண்ட கவண்கயிறு. கவணில் வைக்கும் பொருளின் எடை பாரத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது முப்பது கிராம். ஒரு சிறிய எலுமிச்சங்காய். பாரம் ஒரு சாண் அளவே இறங்குகிறது. அந்த ஒரு சாண் வீழ்ச்சி, துலாவின் நுனியில் பெரும் வீச்சாகி, கவணில் மேலும் பெருகி, எலுமிச்சங்காயை அறுபது அடி கொண்டு செல்கிறது. கவண்கயிற்றின் ஒரு முனை துலாவில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை வளையமாக ஓர் ஆணியில் மாட்டப்பட்டிருக்கும். உரிய கணத்தில் வளையம் தானே நழுவ வேண்டும். முன்னதாக நழுவினால் காய் வானை நோக்கிச் செல்லும். பிந்தினால் தரையில் மோதும். எனவே அத்தனை மரத்துக்கும் பாரத்துக்கும் உயிர்நிலை அந்தச் சிறிய ஆணியின் சாய்வே.

பெரியவர் எதற்கும் ஒட்டுப்பலகையை ஏற்கவில்லை. பழைய நிலைக்கதவு ஒன்றிலிருந்து மிஞ்சிய தேக்கைத் துலாவுக்கு எடுத்தார். சட்டத்துக்குச் சில்வர் ஓக். இழைப்புளியால் துலாவை நுனி நோக்கி மெலிய இழைத்தார். நுனி கனத்தால் வீச்சு குறையும் என்று கணக்கில்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. ஏற்றக்காரர் அறிந்ததுதான் என்றார். ஆணி அடிக்காமல், துளையும் கழுந்துமாகப் பொருத்தி, ஆப்பு வைத்து இறுக்கினார். ஆப்பைத் தட்டி எடுத்தால் சட்டம் முழுவதும் எட்டுத் துண்டுகளாகப் பிரிந்து ஒரு துணிப்பைக்குள் அடங்கும். அச்சுக்கு மட்டும் இரும்புக்கம்பி. பாரத்துக்கு ஒரு பால்பவுடர் டப்பாவில் ஆற்றுமணல். மூலைமட்டத்தை வைத்து அவர் சட்டத்தைச் சரிபார்த்த பொறுமையைப் பார்த்தவர்கள், கோயில் தேருக்கு வேலை நடக்கிறதோ என்றே எண்ணியிருப்பர்.

அப்போது எங்கள் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, “கொல்வதற்கென்றே பிறந்த பொறி ஒன்றை, அழகாக இருக்கிறது என்பதற்காகச் செய்து மகிழ்வது தகுமா, அம்மா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவர் சினந்து கேட்கவில்லை. வகுப்பில் ஐயம் கேட்பது போலவே கேட்டார். அவள் விடை கூறவில்லை. பெரியவரும் உளியைக் கீழே வைத்துவிட்டார். அந்த வினாவைத்தான் நான் இங்கே சிறிது ஆராய விரும்புகிறேன்.

முதலில் எல்லாரும் கூறும் விடை ஒன்று உண்டு. கருவியில் குற்றமில்லை, கையில்தான் குற்றம். கத்தி மருத்துவர் கையில் உயிர் காக்கிறது, கொலைஞர் கையில் உயிர் போக்குகிறது என்று மேடையில் பேசுவோர் கூறுவர். இது பாதி உண்மை. கத்திக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. காய் நறுக்காத கத்தி வீட்டில் இல்லை. ஆனால் மதில் உடைப்பதற்கென்றே அளவு கண்டு, பாரம் கண்டு, கல்லின் எடை கண்டு செய்யப்பட்ட பொறிக்கு அந்த இரண்டாவது வாழ்க்கை எங்கே இருக்கிறது? சில பொருள்களில் செய்தவனின் நோக்கம் வடிவமாகவே உறைந்திருக்கிறது.

ஆயினும் ஆசிரியர் கூற்றையும் நான் முழுவதும் ஏற்கவில்லை. துலாக்கவண் கொல்வதற்கென்றே பிறந்தது என்றார். அதன் துலா கிணற்றடியில் பிறந்தது. அதன் கவண் தினைப்புனத்தில் பிறந்தது. கொலை பின்னால் வந்து குடியேறியது. குடியேறியதை வெளியேற்றவும் கூடும் அன்றோ? நம் காப்பியங்களிலேயே இதற்கு இரு கதைகள் உள்ளன. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காகத் தச்சனைக் கொண்டு மயிற்பொறி ஒன்று செய்விக்கிறான். அவள் அதிலேறி வானில் உலவப் பழகுகிறாள். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்தபோது அந்தப் பொறியே கருவுற்ற அவளைச் சுமந்து சென்று, சுடுகாட்டில் இறக்கி, சீவகன் பிறக்க வழி செய்கிறது. மற்றொன்று உதயணன் கதை. யானையின்பால் பெருங்காதல் கொண்ட அவனைப் பிடிப்பதற்குப் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைச் செய்வித்து, அதன் வயிற்றில் வீரரை ஒளித்து வைக்கிறான்; உதயணன் அகப்படுகிறான். இரண்டும் தச்சர் கைவேலை. உளியின் கூர்மை இரண்டிலும் ஒன்றே. மயிலைச் செய்தவன் நல்லவன், யானையைச் செய்தவன் தீயவன் என்று எந்தப் புலவரும் எழுதவில்லை. அந்தத் தச்சர்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது விடை காலத்தைத் துணைக்கழைக்கும். எந்தப் படையும் இன்று துலாக்கவணைப் பயன்படுத்துவதில்லை; எனவே அது நஞ்சு நீங்கிய பாம்பு. 1521இல் மெக்சிகோவில் தெனோச்டிட்லான் நகரை முற்றுகையிட்ட கோர்த்தேசின் படையினர் வெடிமருந்து குறைந்த நிலையில் ஒரு துலாக்கவண் கட்டினர். அது எறிந்த கல் நேரே மேலே சென்று நேரே கீழே வந்து பொறியையே உடைத்தது. அந்த ஆணியின் சாய்வு பிழைத்ததுபோலும்! போர்க்களத்தில் அதன் கதை ஏறத்தாழ அத்தகைய நகைப்போடு முடிந்தது. எனவே விளையாடலாம் என்பர்.

இவ்விடையில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்கவில்லை. பிளாஸ்டிக் துப்பாக்கியைக் குழந்தையின் கையில் கொடுப்பதைவிட இது மேலானது என்றே கருதுகிறேன். துப்பாக்கிப் பொம்மை குழந்தைக்கு ஒரு தோற்றத்தைக் கற்பிக்கிறது: குறி வைத்து நிற்கும் தோற்றம். துலாக்கவண் ஒரு காரணத்தைக் கற்பிக்கிறது: எடை எவ்வாறு வேகமாகிறது என்பதை. முன்னதில் எதிரே ஒருவர் வேண்டும். பின்னதற்கு எலுமிச்சங்காய் போதும். ஆனால் பழைமை ஒன்றே பழியைக் கழுவிவிடும் என்றால், இன்றைய ஆயுதங்களுக்கும் நாம் கூறவேண்டியது பொறுத்திருங்கள் என்பது மட்டுமாகிவிடும். அது அறமாகாது.

உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. அதற்கு 1304ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையில் நடந்ததைக் காணவேண்டும். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு மன்னன் அக்கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தான். அவனுடைய தலைமைப் பொறியாளரின் மேற்பார்வையில் தச்சர் பலர் கூடி மாபெரும் துலாக்கவண் ஒன்றைக் கட்டி வந்தனர். ‘போர் ஓநாய்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. பொறி முடியும் தறுவாயில் கோட்டையிலிருந்தோர் சரணடைய முன்வந்தனர். போர் முடிந்தது என்று நாம் எண்ணுவோம். எட்வர்டு ஏற்கவில்லை. பொறியைச் சோதித்துப் பார்க்காமல் எவ்வாறு விடுவது? கோட்டைக்குள் இருப்போர் உள்ளேயே இருக்குமாறு கட்டளையிடப்பட்டது. அரசியும் அரண்மனைப் பெண்டிரும் கண்டு களிக்க நகரில் ஒரு வீட்டில் தனிச் சாளரம் அமைக்கப்பட்டிருந்தது. கற்கள் எறியப்பட்டன, மதில் சரிந்தது. பிறகே சரண் ஏற்கப்பட்டது.

இங்கே பகைமை இல்லை; பகைமை முடிந்துவிட்டது. தேவையும் இல்லை. எஞ்சியிருந்தது செய்த பொருள் இயங்குவதைக் காணும் ஆசை ஒன்றே. அந்த ஆசை நமக்குப் புதிதன்று. புதிய அரிவாள்மனை வாங்கிய அம்மாவுக்கும் உண்டு. லிங்கராஜபுரத்து மாடியில் எலுமிச்சங்காயோடு நின்ற பெண்ணுக்கும் உண்டு. அதுவே அறிவியலின் தாய், கலையின் தாய். அணுகுண்டு செய்த குழுவின் தலைவராக இருந்த ஒப்பன்ஹைமர் 1954இல் தம்மீது நடந்த விசாரணையில், தொழில்நுட்ப வகையில் இனிமையான ஒன்றைக் கண்டால் அதைச் செய்துவிடுகிறோம், என்ன செய்வது என்ற வாதமெல்லாம் அதன் பிறகுதான் என்ற கருத்தில் பேசினார். இனிமை என்ற சொல்லைத்தான் அவர் ஆண்டார். எட்வர்டுக்கும் அவருக்கும் இடையே அறுநூற்றைம்பது ஆண்டுகள், உள்ளம் ஒன்றே.

இதனோடு சேரும் மற்றோர் இடர், தொலைவு. வாள் எடுத்தவன் எதிரியின் கண்ணைக் கண்டான். துலாக்கவணை இயக்கியவன் மதிலை மட்டும் கண்டான்; மதிலுக்குப் பின்னால் கல் விழுந்த இடத்தை அவன் காணவில்லை. தேபலில் கயிறு இழுத்த ஐந்நூறு பேரில் யார் கொன்றது? ஒவ்வொருவனும் ஐந்நூற்றில் ஒரு பங்கு இழுத்தான். மரம் வெட்டியவன், கயிறு திரித்தவன், கல் செதுக்கியவன், கட்டளையிட்டவன் என்று பழியைப் பங்கிட்டுக்கொண்டே போனால், கடைசியில் பங்கு வாங்க ஆளில்லாமல் பழி தெருவில் நிற்கும். இன்று அந்தப் பங்கீடு மேலும் நுண்ணியதாகிவிட்டது.

இதை நான் பெங்களூரில் இருந்துகொண்டு எழுதுகிறேன் என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். 1809இல் இங்கே பாசறை நகரம் அமைந்தபோது சென்னை மாகாணப் படையோடு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் சென்னைப் பொறிப்படையின் வீரர்களுக்குத் ‘தம்பி’ என்றே பெயர். வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, முள்வேலியின் அடியில் தள்ளி வெடித்து வழி உண்டாக்கும் கருவி 1912இல் அப்படையின் ஆங்கில அதிகாரி மெக்ளிண்டாக் என்பவரால் இங்கேதான் உருவாக்கப்பட்டது. உலகெங்கும் அது பெங்களூர் டார்பிடோ என்றே வழங்கிற்று. 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் ஏறிய படையினர் கையிலும் அது இருந்தது. அதற்கும் முன்னே, ஐதரும் திப்புவும் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளைப் போருக்குக் கொண்டுவந்தனர். நகர்ப் பேட்டையில் தாரமண்டலப்பேட்டை என்னும் பெயர் அக்காலத்தை நினைவூட்டி நிற்கிறது. வாண வேடிக்கையாக இருந்த ராக்கெட்டு ஆயுதமாயிற்று. ஆயுதமாக இருந்த துலாக்கவண் வேடிக்கையாயிற்று. இரண்டும் நடுவழியில் சந்தித்திருந்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டிருக்கும்.

பின்னர் 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அவற்றைச் சூழ்ந்து பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள். நம் தெருக்களில் தொழிற்சாலைப் பேருந்துக்காக விடியற்காலையில் காத்து நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கடைந்த திருகாணியால் பிள்ளைகள் படித்தனர். தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது. அந்தத் திருகாணி எந்த விமானத்தில் ஏறி எங்கே சென்றது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று குறை கூறவும் எனக்கு உரிமையில்லை. நாட்டைக் காப்பதும் அறம்தான். வள்ளுவர் கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அரணுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை எழுதியபோது மற்றொன்றை அழித்துவிடவில்லை. இராமேசுவரத்து அப்துல் கலாம் தலைமையேற்ற திட்டத்தின் அக்னி 1989 மே 22ஆம் நாள் விண்ணில் பாய்ந்தது. அத்தகைய ஏவுகணைகளுக்காகக் கண்ட இலேசான பொருளைக்கொண்டே, மூன்று கிலோ எடையுள்ள கருவியைக் காலில் இழுத்துக்கொண்டிருந்த போலியோக் குழந்தைகளுக்குச் சில நூறு கிராமில் நடைக்கருவி செய்து கொடுத்தார். தம் மனத்திற்குப் பெருமகிழ்ச்சி அளித்தவற்றுள் ஒன்றாக அதனையே அவர் பின்னாளில் மேடைதோறும் குறிப்பிட்டு வந்தார். அந்தக் குழந்தைகள் ஓடியதை அவர் தம் கண்ணால் கண்டார் என்பதே காரணமாக இருக்கலாம்.

கல் எறிதலைப் பற்றி எழுதும்போது இந்நகரத் தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவு வராமல் போகாத ஒன்றுண்டு. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை ஒட்டி எழுந்த கலவரத்தில், நம்மவர் வீடுகளின்மேல் கற்கள் விழுந்தன. நான் அப்போது வீட்டுக்குள் இருந்தேன். எறிந்தவன் முகம் எனக்குத் தெரியாது. என் முகமும் அவனுக்குத் தெரியாது. அவன் எறிந்தது என்மேல் அன்று, ஒரு பெயரின்மேல். ஓடு உடைந்த ஓசை மட்டும் இருவருக்கும் பொது. அன்றிரவு எங்கள் வாயிற்படியில் வந்து அமர்ந்து, “இந்த வீட்டைத் தாண்டிப் போங்கள்” என்று கன்னடத்தில் கூட்டத்தை அதட்டி அனுப்பியவர் எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர். அவர் இன்று இல்லை. அவருடைய மனைவி இருக்கிறார். தெருவே அவரை அஜ்ஜி என்று அழைக்கிறது.

அந்த அஜ்ஜியின் மாடிதான் தச்சுக்கூடத்து மாடிக்கு நேரெதிரே, அறுபது அடித் தொலைவில் இருக்கிறது. லிங்கராஜபுரத்தில் மாடிகள் நெருங்கி நிற்பவை. எறிந்தால் எவர் மாடியிலாவது விழும். துலாக்கவண் முடிந்த நாளில் பேத்தி ஆணியின் சாய்வைச் சரிசெய்து, பாரத்தை ஏற்றி, விசையைத் தட்டக் கயிற்றைப் பிடித்தாள். தாத்தா தடுத்தார். “நீ இங்கே நிற்காதே. அங்கே போ. நான் விடுகிறேன்” என்றார். கதவு செய்பவன் கதவின் இருபுறமும் நின்று பார்ப்பான், ஒருபுறம் மட்டும் பார்த்தால் அது வேலையாகாது என்றும் சொன்னார். அவள் தெருவைக் கடந்து சென்று, அஜ்ஜியிடம் இசைவு பெற்று, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தை (அஜ்ஜிக்கு அது சண்டிகெ) ஓரமாக நகர்த்திவிட்டு, மாடியின் நடுவே நின்றாள்.

எலுமிச்சங்காய்தான், ஒரு முறைதான். அது அவளுக்கு நான்கடி முன்னால் விழுந்து உருண்டது. திரும்பி வந்தபோது அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அங்கிருந்து பார்த்தால் துலா தெரியவில்லை, தாத்தா. ஏதோ ஒன்று வருகிறது என்று தெரிகிறது. எங்கே விழும் என்று தெரியவில்லை. நிற்பதா, நகர்வதா என்று கால் கேட்கிறது.” அவள் கணக்கில் இவை எதுவும் இல்லை. வீச்சு இருந்தது, கோணம் இருந்தது, கால் இல்லை.

தமிழாசிரியரின் வினாவுக்கு இது விடையாகுமா? முழு விடையாகாது என்றே எண்ணுகிறேன். விழும் இடத்தில் நின்று பார்த்த பின்னரும் எறிபவர்கள் உண்டு. எட்வர்டு சாளரம் வைத்தே பார்த்தான். ஆனால் அந்தச் சாளரம் எறியும் பக்கத்தில் இருந்தது. தன் பொறியின் கல் விழும் இடத்தில் ஒருமுறை நிற்க மனம் ஒப்பாதவன் அப்பொறியைச் செய்யலாகாது என்று ஓர் அளவுகோல் வைத்தால், மயிற்பொறியும் நடைக்கருவியும் அதில் தேறிவிடும்; எந்திர யானை தேறாது. கோட்டை காக்கும் பொறி தேறுமா? அதைச் செய்தவன் மதிலுக்கு உள்ளேயும் நின்று, வெளியேயும் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யவேண்டியிருக்கும். அவனுக்குப் பதிலாக நான் முடிவு செய்ய இயலாது. ஆசிரியரோ, “நிற்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் விழும்படி செய்தால் என்ன?” என்று கேட்டார். எலுமிச்சங்காய்க்கு அது சரி.

கண்காட்சியில் துலாக்கவண் பலர் பாராட்டையும் பெற்றது. இப்போது எட்டுத் துண்டுகளாக அதே துணிப்பையில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் படிப்பு முடிந்தது. படைக்கலம் செய்யும் நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. நல்ல ஊதியம், வீட்டுக்கு அது வேண்டும், தாத்தாவின் முழங்கால் இனி உளி பிடித்துக் குந்தி அமர இடம் கொடுக்காது. சென்ற வாரம் அவள் என்னிடம் வந்து, “மாமா, அங்கே வேலை செய்தால் விழும் இடத்தை எனக்குக் காட்டுவார்களா?” என்று கேட்டாள். காட்டமாட்டார்கள் என்றேன். அப்படியானால் கேட்கவாவது விடுவார்களா என்றாள். அது நீ எந்த மேசையில் அமர்கிறாய் என்பதைப் பொறுத்தது என்றேன். சில மேசைகளில் அமர்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், கேட்டதனால் சில வரைபடங்கள் மடித்து வைக்கப்பட்டும் இருக்கின்றன. அவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அஜ்ஜிக்கு மருந்து வாங்கவேண்டும் என்று எழுந்து சென்றாள். அழைப்புக்கு விடை எழுத அடுத்த திங்கட்கிழமை வரை கெடு இருக்கிறது.